மூடிய புத்தகம், திறந்த வாய்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றின் வாசகர் வட்டக் கூட்டத்தில், போட்டித் தேர்வுக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் தயாராகும் வாசகர்களுக்காக ஆற்றிய சொற்பொழிவு)

மாடியில் படித்துக்கொண்டிருந்த உங்களையெல்லாம் கீழே கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். தேர்வு நெருங்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் என்பது சின்ன விஷயமில்லை. அதனால் நேரே பேச்சுக்கு வந்துவிடுகிறேன்.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் யாரும் இல்லை. குரூப் ஃபோர் எழுதப்போகிறவர்கள் இருக்கிறீர்கள். பதவி உயர்வுக்காகத் துறைத் தேர்வு எழுதும் அரசு ஊழியர்கள் இருக்கிறீர்கள். கல்யாணத்தோடு நின்றுபோன பட்டப்படிப்பைத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முடிக்கப் பார்க்கும் பெண்கள் இருக்கிறீர்கள். சிலர் வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தைப் பங்குபோட்டுப் படிக்கிறீர்கள். மகளுக்குப் பொதுத்தேர்வு, அம்மாவுக்கு டி.என்.பி.எஸ்.சி.

உங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கேள்வி உண்டு. வாய்விட்டுக் கேட்க மாட்டீர்கள். "இந்த வயசுக்கு மேல மண்டையில ஏறுமா?" முதலில் அதை முடித்துவிடுவோம்.

1928-இலேயே எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் பெரியவர்கள் கற்பதைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். நாற்பத்தைந்து வயதுவரை கற்கும் திறன் ஒன்றும் பெரிதாகச் சரிந்துவிடுவதில்லை என்பது அவர் சொன்னதன் சாரம். 1956-இல் சியாட்டில் நகரில் வார்னர் ஷாயி ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அதே ஆட்களைத் தேடிப்பிடித்துச் சோதித்த ஆய்வு அது. சரசரவென்று செய்துமுடிக்கும் வேகம் முன்னதாகவே குறையத் தொடங்குகிறது, உண்மைதான். ஆனால் சொல்வளமும், ஒன்றிலிருந்து இன்னொன்றை ஊகித்துச் சொல்லும் திறனும் ஐம்பதுகளிலும் நன்றாகவே நிற்கின்றன. ஆய்வெல்லாம் எதற்கு, ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மாவைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். 2018-இல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கம் நடத்திய தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். அந்தப் படத்தை வெட்டி மேசைக்கு மேலே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். வயதைப் பற்றிய பேச்சு இத்தோடு போதும்.

உங்களுக்கு உண்மையாகவே பற்றாக்குறையாக இருப்பது நேரம். விடியற்காலையில் சமையலுக்கு முன்னால் நாற்பது நிமிடம், மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பதினைந்து நிமிடம், இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கண் சொக்கச் சொக்க அரை மணி நேரம். பிடிபடுகிற இந்தத் துண்டு நேரத்தை எதில் செலவழிக்கிறோம்?

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் மாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். குறை சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். ஏறக்குறைய எல்லோர் கையிலும் ஹைலைட்டர். ஒருவருடைய புத்தகத்தில் மஞ்சள் அடிக்காத வரியை நான் தேட வேண்டியிருந்தது. இரண்டாவது முறை படிக்கிறார் போலும், மஞ்சளுக்கு மேலே பச்சை வேறு. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் படிக்கிறீர்கள். நான் சொல்லவந்தது இதைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான்: புத்தகத்தை மூடுங்கள், வாயைத் திறங்கள்.

2006-இல் அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களுக்குச் சிறிய பாடப்பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். சூரியனைப் பற்றி ஒன்று, கடல் நீர்நாயைப் பற்றி ஒன்று என்று பகுதிகள் இருந்தன. ஒரு கூட்டம் அதை நான்கு தவணை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு தவணை மட்டும் படித்துவிட்டு, மிச்சம் மூன்று தவணையும் பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை வெற்றுத்தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்தான் முந்தியது, 83 சதவீதம். எழுதிப் பார்த்த கூட்டத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டார்கள். படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-இல் நின்றார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "ஒரு வாரத்துக்குப் பிறகும் உனக்கு நினைவிருக்குமா?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு தலையாட்டியவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்து. நான்காவது முறை படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. கண் வழுக்கிக்கொண்டு போகிறது. "இது எனக்குத் தெரியும்" என்று மனம் சொல்கிறது. தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கிற முகத்தை நமக்கு நன்றாகத் தெரியும். பெயர் என்ன என்று கேட்டால் விழிப்போம். தேர்வறையில் பெயரைத்தான் கேட்கிறார்கள்.

2013-இல் ஜான் டன்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆராய்ச்சிகளை அலசினார்கள். மேலான பயன் என்று அவர்கள் மதிப்பிட்டவை இரண்டே இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. அடிக்கோடு போடுவதும் மறுபடி வாசிப்பதும் கீழ்வரிசையில்தான் உட்கார்ந்தன. ஹைலைட்டர் விற்பவர்கள் மன்னிக்க வேண்டும்.

இங்கே நன்னூலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எழுதியவர் பவணந்தி முனிவர், காலம் 13-ஆம் நூற்றாண்டு, எழுதச் செய்தவர் சீயகங்கன் என்று ஒருவரி விடையாக நீங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்த நூலின் பாயிரம் உங்களைப் பற்றித்தான் பேசுகிறது என்று பயிற்சி மையத்தில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நூலைப் பயிலும் முறை எது என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. உலக வழக்கை அறிவது, பாடத்தை மறவாமல் போற்றுவது, ஆசிரியரிடம் கேட்டதைத் திரும்பச் சிந்திப்பது, மறுபடி போய்க் கேட்டுத் தெளிவது, தன்னையொத்த மாணவரோடு பழகுவது, அவரிடம் வினாவுவது, அவர் வினாவினால் விடை சொல்வது. இத்தனைக்கும் நடுவே "திரும்பத் திரும்ப வாசி" என்று ஒரு இடத்திலும் இல்லை.

அடுத்து பவணந்தியார் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகவே உள்வாங்கினாலும் கைக்கு வருவது கால் பங்குதான். உடன் படிப்பவரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு வரும். மீதி அரைப் பங்கு? மாணவருக்கும் அவையினருக்கும் தானே எடுத்துச் சொல்லும்போது. நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் வரவில்லை. பவணந்தியார் ஆய்வுக்கூடம் வைத்துச் சோதித்துப் பார்த்தவர் அல்ல. கால், அரை என்பதெல்லாம் அளந்து சொன்ன எண்ணும் அல்ல. பாடம் சொல்லிப் பழகிய ஒருவர் அனுபவத்தில் கண்டது. ஆனால் எழுநூறு ஆண்டுக்கு மேலாக அது பாடமாகவே இருக்கிறது. நாம் ஆசிரியர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆலோசனையை விட்டுவிட்டோம்.

இப்படி எடுத்துச் சொல்லிக் கற்பது ஏட்டோடு நிற்கவில்லை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சாதாரணமாக இருந்தது. சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்தில் அதைக் கையாண்டார். மூத்த மாணவர்களையே இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவியது. சிக்கனத்துக்காகத்தான் அங்கே வரவேற்றார்கள் என்பது வேறு கதை. ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள்.

சரி, செய்வது எப்படி? ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். பஞ்சாயத்து ராஜ். குரூப் ஃபோரிலும் வரும், துறைத் தேர்விலும் வரும். முப்பத்தெட்டு வயது, மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதும் ஓர் அக்கா இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் அக்கா ஒரு தாளை எடுத்துத் தனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று எழுத வேண்டும். ஒன்றும் தெரியாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஆகஸ்ட் 15 கிராம சபையில் குடிநீர்க் குழாய் பற்றிக் கேள்வி கேட்டுச் சத்தம் போட்டவரே அவர்தான். ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 ஆகிய நாள்களிலும் கூட்டம் நடக்கும், பிற்பாடு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்தார்கள் என்பது தெரியும். தன் ஊராட்சியின் தலைவர் பதவியைப் பெண்களுக்கு என்று ஒதுக்கியது தெரியும். பி.டி.ஓ. அலுவலகம் எங்கே இருக்கிறது, மாவட்டக் கவுன்சிலர் யார் என்று தெரியும். மூன்றடுக்கு முறை என்று புத்தகம் சொல்வது இதைத்தான்: ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி. அவருடைய மகள் இதை வெறும் சொல்லாகப் படிக்கிறாள். அக்காவுக்கு ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு முகம் இருக்கிறது. வயதில் மூத்த மாணவருக்கு இருக்கும் பெரிய சொத்து இதுதான், அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

பிறகு பாடத்தை ஒருமுறை, நிதானமாக, கையில் பேனா இல்லாமல் படிக்க வேண்டும். 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு. 1959 அக்டோபர் 2, ராஜஸ்தான் மாநிலம் நாகௌரில் தொடக்கம். 1977-இல் அசோக் மேத்தா குழு, அவர் சொன்னது இரண்டடுக்கு. 73-ஆம் திருத்தம், 11-ஆம் அட்டவணை, 29 துறைகள். நகரங்களுக்கு 74-ஆம் திருத்தம், 12-ஆம் அட்டவணை, 18 துறைகள். தமிழ்நாட்டின் ஊராட்சிகள் சட்டம் 1994. நான்கு பக்கம்தான்.

இப்போது புத்தகத்தை மூட வேண்டும். மூடினால் போதாது, எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். இன்னொரு தாளில் நினைவில் வருவதை வருகிற வரிசையில் எழுத வேண்டும். எழுதிக்கொண்டே போகும்போது ஒரு இடத்தில் கை நிற்கும். 11-க்கு 18-ஆ, 29-ஆ? திருத்தம் 1992-ஆ, 1993-ஆ? அசோக் மேத்தா முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா? கை நிற்கும் அந்த இடத்தில்தான் உங்கள் படிப்பு தொடங்குகிறது. உடனே புத்தகத்தைப் பாய்ந்து எடுக்கக் கூடாது. ஒரு நிமிடம் தவிக்க வேண்டும். தப்பாகவாவது ஒன்றை எழுதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்துச் சிவப்பு மையில் திருத்தும்போது "ஏன்" என்று ஒரு கேள்வி போடுங்கள். இரண்டு ஆண்டுகள் ஏன் வருகின்றன? நாடாளுமன்றம் நிறைவேற்றியது 1992 டிசம்பரில். மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது ஒப்புக்கொள்ள வேண்டும், குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறைக்கு வந்தது 1993 ஏப்ரல் 24. அந்த நாளைத்தான் தேசியப் பஞ்சாயத்து ராஜ் தினம் என்கிறோம். காரணம் தெரிந்த பிறகு இரண்டு ஆண்டுகளும் ஒன்றோடொன்று குழம்பாது. அட்டவணைக்குக் காரணம் கிடையாது, அதற்குச் சூத்திரம் போதும்: அட்டவணை எண் ஏறினால் துறை எண் இறங்கும். பதினொன்றுக்கு இருபத்தொன்பது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு.

கடைசியாக, இரவுச் சாப்பாட்டின்போது யாரிடமாவது சொல்ல வேண்டும். "அரசியல் சட்டப்படி பொம்பளைங்களுக்குக் குறைஞ்சது மூணுல ஒரு பங்கு, நம்ம ஊர்ல 2016-ல பாதின்னு ஆக்கிட்டாங்க, தெரியுமா?" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்பார். கேட்கட்டும். பவணந்தியாரின் அரைப் பங்கு அங்கேதான் இருக்கிறது.

படித்தது எத்தனை நாள் நிற்கும்? ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்து, மறப்பதைத் தன்மீதே சோதித்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மிச்சம். அதற்குப் பிறகு சரிவு மெதுவாகிறது. நம்முடைய பாடத்துக்கு அர்த்தம் இருக்கிறது, அதனால் இவ்வளவு மோசமாகப் போகாது. ஆனால் மறதிச் சரிவின் வடிவம் அதேதான். நிக்கோலஸ் செபீடாவும் சகாக்களும் 1350-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வந்தது. தேர்வு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, திரும்பப் பார்க்கும் இடைவெளியும் அதற்கேற்ப நீள வேண்டும் என்பது அதன் முடிவு. அடுத்த வாரத் தேர்வுக்கு ஓரிரு நாள் இடைவெளி. ஓராண்டு தாங்க வேண்டுமானால் மூன்று வாரம்போல. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பஞ்சாயத்து ராஜை ஆறு முறை படிப்பதும், அதே ஆறு முறையை நான்கு மாதத்துக்குப் பரப்புவதும் ஒன்றல்ல. நேரம் ஒன்றுதான், பலன் வேறு.

இதற்குச் செயலி எல்லாம் இருக்கிறது. எனக்குப் பிடித்தது ஷூ டப்பா. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் எழுதிவைத்த முறை இது. டப்பாவில் ஐந்து தடுப்புகள். அட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம். வீட்டில் சேர்ந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சில்லாத பக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. எல்லா அட்டையும் முதல் தடுப்பில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்குத் திரும்பிவிடும். முதல் தடுப்பைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளைக்கு ஒருமுறை, அடுத்தவற்றை வாரம், இரண்டு வாரம், மாதம் என்று பாருங்கள். தெரிந்ததையே படித்துக்கொண்டிருக்கும் சுகத்தை இந்த டப்பா கொடுக்காது. தெரியாததைத்தான் கையில் திணிக்கும். அட்டைகளில் பத்தைப் பையில் போட்டுக்கொண்டால் பேருந்தில் இடம் கிடைக்காவிட்டாலும் படிக்கலாம்.

நான் பேசத் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும். சொன்னதை இங்கேயே செய்துபார்ப்போம், ஆளுக்கொரு தாள் எடுங்கள். நன்னூல் சொன்ன பங்குக் கணக்கு என்ன? கால் எதற்கு, கால் எதற்கு, அரை எதற்கு? பக்கத்தில் இருப்பவர் தாளைப் பார்க்க வேண்டாம். (அவையில் சிரிப்பு. இரண்டு நிமிடம் எழுதுகிறார்கள்.) மூன்றில் இரண்டு வந்திருந்தால் நல்லது. வராத ஒன்றை இனி மறக்க மாட்டீர்கள்.

பெரியவர்கள் படிக்கும் படிப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்டும் உரிமம் வேண்டுமானால் ஒரு தேர்வில் தேற வேண்டும். 'தி நாலெட்ஜ்' என்று பெயர், 1865-லிருந்து நடக்கிறது. சாரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைலுக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்கள் தலைக்குள் இருக்க வேண்டும். பாடத்திட்டம் 320 வழித்தடங்கள். முதலாவது, மேனர் ஹவுஸ் ரயில் நிலையத்திலிருந்து கிப்சன் சதுக்கம் வரை. படிக்க வருகிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான். பகலில் வேறு வேலை இருக்கும், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். முடிக்க மூன்று நான்கு ஆண்டு பிடிக்கும்.

எப்படிப் படிக்கிறார்கள் தெரியுமா? வரைபடத்தை வண்டியின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு மொபெட்டில் தெருத்தெருவாகச் சுற்றுகிறார்கள். அது வாசிப்பு. பிறகு இருவர் இருவராக எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒருவர், "அந்த ஆஸ்பத்திரியிலிருந்து இந்த ஹோட்டலுக்குப் போ" என்கிறார். மற்றவர் வரைபடத்தைப் பார்க்காமல் சொல்கிறார்: புறப்பட்டு இடது பக்கம் இந்தத் தெரு, வலது பக்கம் அந்தத் தெரு, ரவுண்டானாவில் நேரே, திரும்ப இடது. கேட்பவர் வரைபடத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வருகிறார். ஒரு திருப்பம் தவறினால் நிறுத்துகிறார். இடம் மாறி உட்கார்ந்து அவர் சொல்ல இவர் கேட்கிறார். தேர்வும் பெரும்பாலும் வாய்மொழிதான். தேர்வாளர் முன்னால் கோட்டு டையோடு போய் உட்கார்ந்து சொல்ல வேண்டும். முதல் கட்டத்தில் 56 நாளைக்கு ஒருமுறை கூப்பிடுவார்கள், அடுத்த கட்டத்தில் 28, அதற்கடுத்து 21. மூடிய புத்தகம், திறந்த வாய், இடைவெளி மூன்றும் அதில் இருக்கின்றன.

காதரின் வூலெட், எலினார் மக்வயர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தப் படிப்பைத் தொடங்கிய 79 பேரின் மூளையைப் படம்பிடித்துவைத்துச் சில ஆண்டு கழித்துத் திரும்ப வந்தவர்களை மறுபடி பார்த்தார்கள். முடிவு 2011-இல் வந்தது. தேறியவர்கள் 39 பேர். அவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் என்ற நினைவுப் பகுதியின் பின்பக்கம் பெருத்திருந்தது. தேறாதவர்களுக்கு அப்படி இல்லை. குழந்தைகள் அல்ல, வளர்ந்தவர்களின் மூளை. வேறொரு வகைப் படநினைவுச் சோதனையில் தேறியவர்கள் சற்றுப் பின்தங்கினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதையும் சும்மா கொடுப்பதில்லை போலிருக்கிறது மூளை.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. குரூப் ஃபோரில் இருநூறு கேள்விகளில் இருபத்தைந்து கணக்கும் அறிவுக்கூர்மையும். பலர் பயந்து ஒதுக்குகிறீர்கள். பயிற்சி செய்கிறவர்களும் தனிவட்டி என்றால் முப்பது தனிவட்டிக் கணக்காகப் போட்டுத் தள்ளுகிறீர்கள். பத்தாவது கணக்கிலிருந்து யோசிக்கவே வேண்டியதில்லை, எண்ணை மாற்றிப் போட்டால் விடை வந்துவிடும். தேர்வில் இது தனிவட்டிக் கணக்கு என்று தலைப்புப் போட்டா கொடுக்கிறார்கள்? டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-இல் வெளியிட்ட சோதனையில் நான்கு வகைத் திண்மங்களின் கனஅளவைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். வகை வகையாகப் போட்டவர்களுக்குப் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி. நான்கையும் கலந்து போட்டவர்களுக்கு 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் வகை வகையாகப் போட்டவர்கள் 20, கலந்து போட்டவர்கள் 63. ஆகவே வட்டி, விகிதம், வேலைநாள், மீ.சி.ம. எல்லாவற்றையும் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பயிற்சியில் தப்பு அதிகம் வரும், வரட்டும்.

"இதெல்லாம் கஷ்டமாக இருக்கிறதே, ஆர்வமாகப் படிப்பது எப்படி என்றல்லவா தலைப்புக் கொடுத்தோம்" என்று வாசகர் வட்டத் தலைவர் நினைக்கலாம். ஆர்வம் என்றவுடன் வண்ணப் பேனா, மெல்லிய இசை, சுவரில் ஒட்டும் பொன்மொழி என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். "நீங்கள் கண்ணால் கற்பவரா, காதால் கற்பவரா" என்று ஒரு தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொல்கிறார்கள். அந்த வகைப்பாட்டுக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2008-இலேயே ஹரோல்ட் பாஷ்லர் குழுவினர் எழுதிவிட்டார்கள். இன்னும் அதற்குக் கட்டணம் வாங்குகிறார்கள்.

நான் பார்த்தவரை, பெரியவர்களுக்குப் படிப்பில் வரும் சந்தோஷம் இரண்டு வகை. நாக்கு நுனிவரை வந்து நிற்கும் விடை சட்டென்று பிடிபடுகிறதே, அது ஒன்று. அதற்குப் புத்தகம் மூடியிருக்க வேண்டும். திறந்த புத்தகத்தில் அந்தச் சந்தோஷத்துக்கு வழியே இல்லை. இரண்டாவது, கூட்டாளி. தனியாகப் படிக்கிறவர் மூன்றாம் மாதம் விட்டுவிடுவார். மூன்று பேர் சேர்ந்தால் ஒருவர் சோர்ந்த நாளில் இன்னொருவர் இழுத்துவருவார். மூன்று பேர் போதும். ஆறு பேர் ஆனால் அரட்டை ஆகிவிடும்.

சேர்ந்து படிப்பது என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் புத்தகத்தைப் பார்ப்பது அல்ல. ஆளுக்கு ஒரு பாடம் முந்தின நாளே பிரித்துக்கொள்ளுங்கள். பாடம் எடுத்தவர் பத்து நிமிடம் புத்தகம் இல்லாமல் சொல்ல வேண்டும். மற்ற இருவரும் குறுக்கே கேட்க வேண்டும். பிறகு பாட்டுக்குப் பாட்டு போல் ஒரு சுற்று: அவர் ஓர் ஆண்டைச் சொன்னால் இவர் நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும், தோற்றவர் டீ வாங்கித் தர வேண்டும். மாலையில் வெளியே வர முடியாத பெண்கள் போனில் செய்யலாம். கைப்பேசியில் உங்கள் குரலிலேயே கேள்வியைப் பதிவுசெய்து, பத்து விநாடி சும்மா விட்டு, பிறகு விடையைப் பதிவுசெய்யுங்கள். பாத்திரம் கழுவும்போது ஓடவிட்டால் அந்தப் பத்து விநாடியில் நீங்கள் விடை சொல்லிவிடலாம். குரூப் ஃபோர் தமிழ்ப் பகுதியின் நூறு கேள்விக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

தூக்கத்தைக் குறைத்துப் படிக்காதீர்கள். 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் காட்டிய விஷயம் இது: படித்தபின் தூங்கினால், அதே அளவு நேரம் விழித்திருப்பதைவிடக் குறைவாகவே மறக்கிறது. இரவுப் பணி பார்க்கும் காவலர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு இது லேசல்ல என்று தெரியும். பணி முடிந்து தூங்கப்போவதற்கு முன்னால் ஷூ டப்பாவின் முதல் தடுப்பை மட்டும் பார்த்துவிட்டுப் படுங்கள், போதும். இன்னொன்று, பழைய வினாத்தாளைக் கடைசி மாதத்துக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடக்கிறது, பாடம் தொடங்கும் அன்றே ஒன்றை எழுதிப் பாருங்கள். மதிப்பெண் கேவலமாக வரும். எதைப் படிக்க வேண்டும் என்பது மட்டும் அன்றே தெரிந்துவிடும்.

நூலகர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது நம் மாநிலத்தில்தான், 1948-இல். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் போட்ட பாதை. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து படிக்கத் தனி இடம் கொடுத்திருக்கிறீர்கள், பெரிய உதவி. ஆனால் சுவரெல்லாம் "அமைதி காக்கவும்" என்று இருக்கிறது. வேண்டியதுதான், செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களுக்குத் தொந்தரவாகக் கூடாது. நான் இவ்வளவு நேரம் சொன்ன படிப்போ வாய்விட்டுப் பேசாமல் நடக்காது. வேறு இடம் இல்லாததால் இவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேள்வி கேட்டுக்கொள்கிறார்கள். பின்பக்கம் பழைய நாளிதழ்க் கட்டுகளை அடுக்கியிருக்கும் அறையை மாலை ஐந்திலிருந்து ஏழுவரை திறந்துவிட முடியுமா? மூன்று பெஞ்சு, ஒரு கரும்பலகை. மின்விசிறி வாசகர் வட்டத்தின் பொறுப்பு. தலைவர் தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். யார் வருகிறார்கள் என்று இப்போதே பெயர் எழுதிக்கொடுங்கள், மூன்று மூன்று பேராகப் பிரித்துவிடலாம். முதல் நாள் பாடம் பஞ்சாயத்து ராஜ் என்றே இருக்கட்டும். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், கட்டுகளை நகர்த்த ஆள் வரும்வரை நான் இங்கேதான் இருப்பேன்.